அண்ணியின் மூச்சுக்குழல் செல்கள்

என் அண்ணி பொறாமைக்காரி. இதை நான் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை, முகத்துக்கு நேரே பலமுறை சொல்லியிருக்கிறேன். "ஆமா, அதுக்கு இப்ப என்ன?" என்பாள். ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு குடை வாங்கி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு வந்தால், பஸ் ஏறுவதற்குள் என் குடையின் கைப்பிடிதான் அவளுக்கு வழவழப்பாகத் தெரியும். மாற்றிக் கொடுத்தால், இறங்குவதற்குள் பழையது நல்லதாகிவிடும்.

அதற்காகக் கெட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். நான் காய்ச்சலில் படுத்தால் மருந்தோடு முதலில் வந்து நிற்பவள் அவள்தான். என்னை விசாரிக்க நாலு பேர் வந்துவிட்டால், "நான் படுத்தப்போ ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல" என்று மருந்து பாட்டிலை ணங்கென்று வைத்துவிட்டுப் போகிறவளும் அவள்தான்.

எங்கள் குடும்பத்திலிருந்து மூன்று பெண்கள் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறோம். அண்ணி, என் அண்ணனின் மனைவி, முதலில் போனவள். செல் வளர்க்கும் பிரிவு. அப்புறம் நான், எலிக்கூடத்தில். கடைசியாக வந்தவள் என் தம்பியின் மனைவி. அவளைச் சிட்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவளுக்கும் அண்ணியோடு அதே அறை, அதே வேலை. வீட்டிலும் இதே கதைதான்: மாடியில் அண்ணன் குடும்பம், கீழே தம்பி குடும்பம், பின்பக்க அறையில் நான். இரண்டு பேருக்கும் நாத்தனார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான்.

அண்ணியின் வேலை என்னவென்று சொல்லாமல் அவள் பொறாமையைச் சொல்ல முடியாது. மூச்சுக்குழலின் உள்பக்கத்தில் மெல்லிய தோல் ஒன்று உண்டு. நாம் இழுக்கிற காற்றில் வரும் தூசியும் கிருமியும் முதலில் மோதுவது அதன்மேல்தான். இருமல், இழுப்பு, சளி என்று எதைப்பற்றி ஆராய்வதானாலும் அந்தத் தோலின் செல்கள் வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு எலியைக் கொன்றுகொண்டிருக்க முடியுமா? அதனால் ஒருமுறை எடுத்த செல்களைப் பிளாஸ்டிக் குடுவையில் வளர்த்து, பெருகப் பெருகப் பிரித்து, சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் ஒரு வம்சத்தை உண்டாக்க வேண்டும். அதைத்தான் செல் லைன் என்கிறார்கள். உண்டாகிவிட்டால் உறையவைத்து எந்த நாட்டுக்கும் அனுப்பலாம். உண்டாக்கியவர்தான் அதற்குப் பெயர் வைப்பார். அந்த ஆள் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பெயர் யார் யாரோ கையில் புழங்கிக்கொண்டிருக்கும். அண்ணிக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். எலியின் மூச்சுக்குழல் ஒரு தடித்த நூல் கனம்தான். எலியை வலி தெரியாமல் தூங்கவைத்து நான் கொடுப்பேன். அண்ணி அந்த நூலை எடுத்து, நீளவாக்கில் கீறி, செல்களை இளக்குகிற கரைசலில் போட்டு ஓர் இரவு குளிரில் வைப்பாள். காலையில் மெல்ல ஆட்டினால் உள்தோல் செல்கள் உதிரும். கூடவே நார்ச்செல்களும் உதிரும். பயிரோடு வரும் களை அவை, விட்டால் பயிரை முந்திக்கொண்டு குடுவை முழுக்கப் படர்ந்துவிடும். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு தட்டில் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் நார்ச்செல்கள் அவசரமாகப் போய் அடியில் ஒட்டிக்கொள்ளும். இன்னும் மிதந்துகொண்டிருப்பதை எடுத்து வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும். "முண்டியடிச்சு சீட் பிடிக்கிறவன விட்டுட்டு, நின்னுக்கிட்டிருக்கறவனக் கூட்டிட்டுப் போகணும்" என்பாள் அண்ணி. பஸ்ஸில் அவள் என்னவோ முண்டியடித்துத்தான் ஏறுவாள்.

மாற்றிய செல்கள் கல் பாவியது மாதிரி ஒன்றையொன்று ஒட்டி அழகாக வளரும். சில வாரம். அப்புறம் மெதுவாகும், உப்பும், பரந்து தட்டையாகும், நின்றுவிடும். அண்ணியின் ஒவ்வொரு முயற்சியும் இப்படித்தான் முடிந்தது. வைரஸின் மரபணு ஒன்றை உள்ளே ஏற்றிச் சாகாமல் செய்யலாம்தான். எங்கள் தலைவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. வேற்று மரபணு வாங்கிய செல், சோதனையில் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. தானாகத் தப்பிப் பிழைக்கிற செல்தான் வேண்டும் என்றார். அவர் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். அதனால் அவர் பெயரே எங்களுக்குப் பார்க்கலாம்.

சிட்டுவுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். பார்க்கலாமிடம் நாலு தடவை போய்ச் சொல்லி, "நம்ம பொண்ணு சார்" என்று சேர்த்துவிட்டாள். "வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்" என்று பிற்பாடு அவள் சொல்லாத வாரம் இல்லை.

சிட்டு அலட்டிக்கொள்ளாதவள். வேலை செய்யும்போது ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பாள். செல் செத்தால், "போச்சுக்கா" என்று சிரித்துவிட்டு அடுத்த எலி கேட்டு என்னிடம் வருவாள். அண்ணிக்கு அந்தச் சிரிப்பே ஆகாது. இரண்டு பேரின் வேலையும் குழம்பக்கூடாது என்று பார்க்கலாம் எலிகளைப் பிரித்துவிட்டிருந்தார். அண்ணிக்குக் கறுப்பு எலி இனம், சிட்டுவுக்கு வெள்ளை எலி இனம். செல்களுக்கு உணவாக ஊற்றும் மீடியமும் தனித்தனி பாட்டில். அறையின் சுவரில் அண்ணி தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள்: "அவரவர் பாட்டில் அவரவருக்கு. நனைந்த பிப்பெட்டை மறுபடி பாட்டிலில் விடாதே." குடுவைக்குள் பட்ட பிப்பெட், அதாவது கரைசலை உறிஞ்சும் குழாய், பாட்டிலுக்குள் போனால், ஒருவருடைய செல் இன்னொருவர் குடுவைக்குக் குடிபோய்விடும். புதிதாக வருகிற எல்லோருக்கும் அண்ணி இதை வகுப்பெடுப்பாள், கோபத்தோடு.

ஒருமுறை சிட்டுவின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நீண்டுவிட்டது. அவள் விடுப்பில் இருந்தாள். திரும்பி வந்து, செல் வளரும் சூட்டுப்பெட்டியைத் திறந்து பார்த்தால், ஒரு குடுவையில் எல்லாம் செத்து மிதக்க, நடுவில் மட்டும் சின்னத் தீவு போல நெருக்கமாக ஒரு கூட்டம். அதை மட்டும் எடுத்து வேறு குடுவையில் விட்டாள். வளர்ந்தது. பிரித்தாள், வளர்ந்தது. எல்லோருடைய செல்லும் உப்பி நிற்கிற கட்டத்தைத் தாண்டியும் வளர்ந்தது. நார்ச்செல்லும் இல்லை. சல்லடை போன்ற மெல்லிய தகட்டின்மேல் பரப்பி, மேல்பக்கம் காற்றுப்படும்படி விட்டபோது, அசல் மூச்சுக்குழலில் இருப்பது போலவே பொடிப்பொடி இழைகள் முளைத்து அசைய ஆரம்பித்தன. நுண்ணோக்கியில் பார்த்தேன். காற்றடிக்கும்போது வயல் அலைவது மாதிரி இருந்தது. எனக்கே புல்லரித்தது.

பார்க்கலாம் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தார். "பிரமாதம்" என்றார். அந்த வார்த்தை அவருக்குத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

அண்ணி நுண்ணோக்கி பக்கமே வரவில்லை. கைகழுவும் தொட்டியில் ஏற்கெனவே கழுவிய பாட்டில்களைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் மல்லுக்கட்டு. கீழ்வீட்டு ரேடியோ சத்தம் அதிகம் என்றாள் அண்ணி. சிட்டு துணி காயப்போடுவதால் மாடிக்கு வெளிச்சம் வரவில்லை என்றாள். அண்ணன் பாவம், "வெளிச்சம் மேலேருந்துதானே வருது?" என்று கேட்டுவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குக் கீழே தம்பி வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அது அண்ணிக்கு இன்னும் எரிச்சல்.

என்னிடம் மட்டும் மனம்விட்டுப் பேசுவாள். "எனக்கு வயிறு எரியுது. பொய் சொல்ல மாட்டேன், பத்திக்கிட்டு எரியுது. நான் கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன் அந்தச் செல்லுங்களை. என் பொண்ணோட பரீட்சைக்குக்கூட அப்படி முழிச்சிருந்ததில்ல. இவ பாட்டுப் பாடிட்டு நிக்கறா, இவளுக்கு வளருது!"

"உங்க ஓரகத்திதானே அண்ணி? வேற யாருக்கோவா போச்சு?"

"வேற யாருக்காவது போயிருந்தா இவ்வளவு எரியாது" என்றாள். அதில் ஒரு நேர்மை இருந்ததை நான் மறுக்க மாட்டேன்.

சிட்டு இல்லாத நேரம் பார்த்து அண்ணி அவளுடைய குடுவையை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பாள். நான் எலிக்கூண்டுகளோடு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவள் முதுகுதான் தெரியும். ஒருநாள் நிமிர்ந்து, "இது வெள்ளை எலி மாதிரியே தெரியல" என்றாள்.

"செல்லுல எங்க அண்ணி முடி இருக்கு, வெள்ளையா கறுப்பான்னு பார்க்க?"

"கிண்டல் பண்ணாத. பக்கத்து அறையில வேற எத்தனையோ செல் லைன் ஓடுது. எதுவோ ஒண்ணு இதுல விழுந்திருக்கு. சத்தியமா இது அவளோடது இல்ல."

பெயர் வைப்பது பற்றிக் கூடிப் பேசிய அன்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாள். "எந்த எலியோட செல்லுன்னு டிஎன்ஏ பார்த்துட்டுப் பேர் வைப்போம் சார். கலப்படமான செல்லுக்குப் பேர் வெச்சு வெளியில அனுப்பி, நாளைக்கு நாம தலைகுனிஞ்சு நிக்கக்கூடாது."

பொறாமையில்தான் சொல்கிறாள் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொன்னது முறையான பேச்சு, யாராலும் மறுக்க முடியவில்லை. தன் மூக்கு போனாலும் எதிராளிக்குச் சகுனத்தடை ஆனால் போதும் என்று இருக்கிறவர்களுக்கு நியாயமான பேச்சும் கையில் கிடைத்துவிட்டால் எதிரே நிற்க முடியுமா? சிட்டு தலையைக் குனிந்துகொண்டு, "பார்த்துடலாம் சார்" என்றாள். அன்று மாலை பஸ்ஸில் எங்களோடு வரவில்லை. நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வெளியிலிருந்து டிஎன்ஏ முடிவு வந்ததும் பார்க்கலாம் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். எலி கொடுத்தவள் என்பதால் என்னையும்.

"இது வெள்ளை எலி இல்ல" என்றார்.

அண்ணியின் முகம் மலர்ந்ததே, அதை அவளே தடுக்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. சிட்டுவின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிருக்கேன் சார்" என்றாள்.

"அவசரப்படாதீங்க. வேற அறையிலேருந்து வந்ததும் இல்ல. மூச்சுக்குழல் உள்தோல் செல்லுங்கறதுல சந்தேகமே இல்ல. கறுப்பு எலி."

 அந்த நிலையத்தில் கறுப்பு எலியின் மூச்சுக்குழலைத் தொட்ட ஆள் ஒருத்திதான்.

"கறுப்பு எலிச் செல்லு வெள்ளை எலிக் குடுவைக்குள்ள எப்படிப் போச்சு?" என்று பார்க்கலாம் கேட்டார்.  நான் எலியை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது. என் கூண்டில் அப்படி நடக்காது, இருந்தாலும் வந்தது.

அண்ணியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எதையோ பின்னோக்கிக் கணக்குப் போடுகிறாள் என்று புரிந்தது. பிறகு சட்டென்று, பரீட்சையில் விடை தெரிந்த பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"நான்தான் சார்! நான்தான் பண்ணினேன்!"

விடுமுறை நாளொன்றில் தன் செல்களுக்கு மீடியம் மாற்றத் தனியாக வந்திருக்கிறாள். பாதியில் அவள் பாட்டில் காலியாகிவிட்டது. புது பாட்டில் மீடியம் கலந்து சூடாக்க அலுப்பு. பக்கத்தில் சிட்டுவின் பாட்டில் நிறைய இருந்தது. எடுத்துக்கொண்டாள். அதுவும் குடுவைக்குள் நனைந்த அதே பிப்பெட்டால், திரும்பத் திரும்ப. மறுநாள் சிட்டு அந்தப் பாட்டிலிலிருந்து தன் குடுவைகளுக்கு ஊற்றியிருக்கிறாள். அதற்கடுத்த நாள்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது.

திருடியதையும் விதி மீறியதையும் இத்தனை பெருமையாக ஒப்புக்கொண்ட ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "எச்சில் பிப்பெட் சார், நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை முக்கினேன்" என்று அழுத்தி அழுத்திச் சொன்னாள். குற்றம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குச் செல் அவளுடையது. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் வகுப்பெடுத்த பெண் இவள்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவது போல நடிக்க வேண்டியிருந்தது.

பார்க்கலாம் நெற்றியைத் தடவிக்கொண்டார். செல் நல்ல செல், எந்த எலி என்பதும் தெரிந்துவிட்டது, நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்றார். அண்ணியின் எலி, அண்ணியின் செல். பெயர் வைக்கும் உரிமை அண்ணிக்கு.

சிட்டு குடுவைகளைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து அண்ணியின் பக்கம் வைத்தாள். "உங்களோடதுதான்க்கா. எடுத்துக்கங்க" என்றாள். குரல் உடைந்துதான் இருந்தது. அவ்வளவு நாள் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்ததைத் தூக்கிக் கொடுக்கிறவளுக்கு உடையாதா? அண்ணி ஒரு சமாதானமும் சொல்லவில்லை. எனக்கு அவள்மேல் வந்த கோபத்தில் அன்று அவளோடு சேர்ந்து சாப்பிடக்கூட இல்லை. அண்ணி தன் பெயரின் முதல் எழுத்தையும் கறுப்பு எலியையும் சேர்த்து ஒரு பெயர் வைத்தாள். செல்களை உறையவைக்கிற குழாய்களின்மேல் அதை ஒட்டி, சும்மா சும்மா தடவிப் பார்த்துக்கொண்டாள். வீட்டில் ரேடியோ சத்தம் சரியாகிவிட்டது. மாடிக்கு வெளிச்சமும் வந்துவிட்டது.

எல்லாம் தீர்ந்தது என்று நான்கூட நினைத்தேன்.

ஆனால் சில நாள் கழித்துப் பார்த்தால் அண்ணி நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், முகத்தில் களையே இல்லை. என்னைக் கண்டதும், "இதே எலி. இதே செல்லு. ஒரே நாள், ஒரே குடுவையிலேருந்து போனது. என்கிட்ட இருந்ததெல்லாம் செத்துப்போச்சு. அவகிட்ட போனது மட்டும் எப்படிப் பொழைச்சுது?" என்றாள்.

"அதிர்ஷ்டம் அண்ணி."

"செல்லுக்கு அதிர்ஷ்டம் கிடையாது. அவ என்னமோ பண்ணியிருக்கா. சொல்லாம மறைக்கறா." எழுந்து நேராகப் போய்ச் சிட்டுவின் முன்னால் நின்றாள். சிட்டு அடுத்த வெள்ளை எலியின் மூச்சுக்குழலைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"உண்மையச் சொல்லு. அந்தக் குடுவைக்கு என்ன பண்ணின? மீடியத்துல ஏதாவது சேர்த்தியா? சூட்டை மாத்தினியா?"

சிட்டு பயந்துபோனாள். "ஒண்ணும் பண்ணலக்கா. சத்தியமா."

"ஒண்ணும் பண்ணாம எப்படிடீ வளரும்?"

சிட்டு என்னைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லக்கூடாதது ஒன்றைச் சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்தினாள். "சார்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. புள்ளைக்குக் காய்ச்சலா இருந்தப்போ மத்த குடுவையெல்லாம் பக்கத்து அறை அக்காவப் பார்த்துக்கச் சொல்லியிருந்தேன். இது பின்வரிசையில மறைஞ்சிருந்தது. இது இருக்கறதையே மறந்துட்டேன்."

 அண்ணி கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்கு என்னோடு சண்டை போடவில்லை. நிறுத்தங்கள் பல தாண்டிய பிறகு, என்னைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தாள்.

"காலைல வந்ததும் எடுத்துப் பார்ப்பேன். சாப்பிட்டுட்டு வந்து பார்ப்பேன். கெளம்பறப்போ பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் சூட்டுப்பெட்டியிலேருந்து வெளிய எடுத்து, ஆட்டி, வெளிச்சத்துல காட்டி. கொஞ்சம் உப்பினாலே பதறிப்போய்ப் பிரிச்சிடுவேன். நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே கொட்டிடுவேன், யாரும் பார்த்துச் சிரிச்சிடக்கூடாதுன்னு. பார்த்துப் பார்த்து வளர்க்கறேன்னு நெனச்சேன். பார்த்துப் பார்த்தே கொன்னிருக்கேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விலக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அவளுக்கு எப்படி மறக்க வந்துது?" என்றாள். "எனக்கு ஏன் அது வரவே மாட்டேங்குது?"